இடக்கைத் தழும்பு

சில ஆண்டுகளுக்கு முன் இராசிபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் என்னிடம் வந்தாள். குழந்தையின் திருமுழுக்குக்கு நாள் குறிக்க வேண்டும் என்றாள். இரண்டு வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தேன். அதன்பிறகும் அவள் போகவில்லை. அவளுடைய மாமனார் தறி நெய்பவர். மூன்று மாதமாக இருமல். அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்து, டி.பி. என்று சொல்லி, முந்தின வாரம்தான் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். அவரோ பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏங்குகிறாராம்.

"புள்ளைக்குத்தான் பொறந்தப்பவே கையில டி.பி. ஊசி போட்டாச்சுங்களே சாமி. மாமாகிட்டக் குடுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

குழந்தையின் இடது தோளில் சிவந்த சிறு கொப்புளம் ஒன்று உடையத் தயாராக நின்றது. "அதுதான் ஊசி போட்டாயிற்றே அம்மா, பயப்படாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு அந்தப் பதில் என்னை உறுத்தியது. என் இடக்கையிலும் அந்தத் தழும்பு இருக்கிறது; இதை வாசிக்கும் உங்களில் பலருடைய கையிலும் இருக்கும். அது எதற்காக இடப்பட்டது, எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. குருமடத்தில் திருச்சங்கங்களின் வரலாற்றை ஆண்டுவாரியாகப் படித்தவன் நான். என் தோலின்மேல் எழுதப்பட்ட வரலாறு எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை எனக்கு அறிமுகமான ஒரு மருத்துவரிடம் சென்று கேட்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஃபாதர், செங்கல்பட்டு ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் வழியே நான் தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் முன்னோர் இந்நோயை எலும்புருக்கி என்றார்கள். சற்றுப் படித்தவர்கள் சயரோகம் என்றார்கள். இன்று காசநோய் என்று எழுதுகிறோம், டி.பி. என்று பேசுகிறோம். பெயர்கள் மாறினவே தவிர, காற்றோட்டமில்லாத ஒற்றையறை வீட்டை விட்டு அது இன்னும் வெளியேறவில்லை. 1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் இராபர்ட் கோக் இதன் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, இதற்கு மருந்தும் கண்டுவிட்டதாக டியூபர்குலின் என்னும் பொருளை அவர் முன்வைத்தபோது ஐரோப்பாவின் நோயாளர்கள் பெர்லினை நோக்கி ஓடினார்கள். அது யாரையும் குணமாக்கவில்லை. ஆயினும் அதே பொருள், ஒருவர் உடலுக்குள் கிருமி என்றேனும் நுழைந்ததா என்று தோலில் ஊசியிட்டு அறியும் சோதனைக்குப் பின்னாளில் உதவிற்று. பேரறிஞரின் தோல்விகூட வீண்போகவில்லை என்பதோடு, பேரறிஞரும் அவசரப்படுவார் என்பதையும் இதிலே காண்கிறோம்.

பிரான்சு நாட்டின் லில் நகரில் ஆல்பெர் கால்மெட் என்ற மருத்துவரும் கமீல் கெரேன் என்ற கால்நடை மருத்துவரும் 1908ஆம் ஆண்டு வேறொரு வழியில் இறங்கினார்கள். மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியை, மாட்டுப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வளர்த்தார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய துண்டுக்கு மாற்றினார்கள். முதல் உலகப் போரில் செருமானியப் படை லில் நகரைப் பிடித்திருந்த காலத்திலும் இவ்வேலை நிற்கவில்லை. 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றிய பின், உயிரோடிருந்தும் நோய் உண்டாக்கும் ஆற்றலை இழந்துவிட்ட ஒரு கிருமி அவர்கள் கையில் எஞ்சியது. அவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளோடு 'பாசில்' என்ற சொல்லும் சேர்ந்தே பி.சி.ஜி. என்றாயிற்று.

1921இல் பாரிசு நகரில் முதன்முதலாக இதைப் பெற்றது ஒரு பச்சிளங்குழந்தை. வாய்வழியே கொடுத்தார்கள். குழந்தையைப் பெற்ற தாய் காசநோயால் இறந்திருந்தாள்; அதை எடுத்து வளர்க்கவிருந்த பாட்டிக்கும் அதே நோய். அந்தக் குழந்தைக்கு நோய் வரவில்லை. இதைப் படித்தபோது எங்கள் தறிக்காரர் வீடு என் கண்முன் வந்து நின்றது. நூறு ஆண்டுகளுக்கு முன் பாரிசில் எழுந்த கேள்வியைத்தான் அந்தப் பெண் கோயில் வாசலில் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

நற்பெயர் வளர்ந்துவந்த வேளையில் ஒரு பேரிடியும் விழுந்தது. 1930இல் செருமனியின் லூபெக் நகரில் இருநூற்றைம்பது குழந்தைகளுக்கு இம்மருந்து கொடுக்கப்பட்டதில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கிருந்த ஆய்வகத்தில் கொடிய காசநோய்க் கிருமியும் வைக்கப்பட்டிருந்ததும், அது மருந்தோடு கலந்துவிட்டதும் பின்னர் தெளிவாயின. பழி பி.சி.ஜி. மேல் இல்லையென்றாலும் அச்சம் நெடுங்காலம் நின்றது.

நம் நாட்டிற்கு இது வந்தது விடுதலையை ஒட்டித்தான். 1948இல் சென்னைக் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் அமைந்தது. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில், கிறித்தவ மறைப்பணியாளர்கள் ஒன்றுகூடி நடத்திவந்த மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையில், அதாவது ஆரோக்கியவரத்தில், முதல் ஊசி போடப்பட்டது. 1951இலிருந்து நடுவணரசு, ஐ.நா. குழந்தைகள் நிதியம், உலக நலவாழ்வு நிறுவனம் ஆகியவற்றின் துணையோடு நாடெங்கும் ஊசிப்படைகள் புறப்பட்டன. மருத்துவமனைகளில் படுக்கைகள் மிகச் சில, நோயாளர்களோ இலட்சக்கணக்கில். மலிவாகக் கிடைத்த ஒரே ஆயுதம் இந்த ஊசிதான் என்று ஆட்சியாளர் எண்ணியதில் வியப்பில்லை.

எதிர்ப்பும் சென்னை மாநிலத்திலிருந்தே எழுந்தது. தொடக்கத்தில் ஏ. வி. இராமன் என்பவர் எழுதிவந்தார். பிறகு 1955இல் எதிர்த்துப் புறப்பட்டவர் வேறு யாருமல்லர், நம் இராஜாஜி. 'நம்' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர்; 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவியவர். நாமக்கல் மாவட்டம் 1997இல் பிரியும்வரை இராசிபுரமும் திருச்செங்கோடும் சேலத்துப் பிள்ளைகளே. முதலமைச்சர் பதவியிலிருந்து முந்தின ஆண்டுதான் அவர் விலகியிருந்தார். தாம் ஏன் பி.சி.ஜி.யை எதிர்க்கிறார் என்று தனி நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நோயற்ற குழந்தையின் உடலில் ஏற்றலாமா? இதனால் நன்மை உண்டு என்பதற்கு ஐயமற்ற சான்று எங்கே? சான்றில்லாத ஒன்றைப் பள்ளிப்பிள்ளைகள் இலட்சக்கணக்கானோருக்குப் போடுவது ஆய்வுக்கூடத்து எலிகளைப்போல அவர்களை நடத்துவதாகாதா? இவை அவர் கேள்விகளின் சாரம். நடுவணரசின் நலவாழ்வு அமைச்சராக இருந்த இராஜகுமாரி அம்ரித் கௌர், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த காந்தியத் தொண்டர், ஊசியின் பக்கம் உறுதியாக நின்றார். காந்தியடிகளின் நெருங்கிய அன்பர் இருவர் ஒரு கொப்புளத்தின் இருபுறமும் நின்று வாதிட்ட காட்சி அது.

இந்த இருவரில் யார் சரி என்று நாம் எளிதாகத் தீர்ப்பளித்துவிடக் கூடாது. ஊசியால் பெருந்தீங்கு நேரும் என்று இராஜாஜி அஞ்சியது நடக்கவில்லை. கோடிக்கணக்கான குழந்தைகளின் கை அதற்குச் சாட்சி. சான்று எங்கே என்று அவர் கேட்டது மட்டும் கேட்கத் தகுந்த கேள்வி. ஏனெனில் அறிஞர்களே அதில் ஒன்றுபடவில்லை. பிரிட்டனில் 1950இல் தொடங்கி, பள்ளியை விட்டு வெளியேறும் வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், ஊசி ஐந்தில் நான்கு பங்கு நோயைத் தடுத்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களான ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் அதே காலத்தில் நடத்திய ஆய்வில் நூற்றுக்குப் பதினான்கு அளவே பயன் தெரிந்தது. ஒரே ஊசி, இரண்டு நாடு, இரண்டு விடை.

முடிவாக ஒரு விடை காணவேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக நலவாழ்வு நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொது நலவாழ்வுத் துறையோடும் சேர்ந்து தேர்ந்த இடம்தான் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம்: திருவள்ளூர் நகரமும் அதைச் சூழ்ந்த இருநூற்றுக்கு மேற்பட்ட ஊராட்சிகளும். 1968இல் தொடங்கி 1971 வரை வீடுவீடாகப் பெயர் பதிந்தார்கள். பதியப்பட்டவர் 3,66,625 பேர். அவர்களுக்குத் தோலில் டியூபர்குலின் சோதனை. இவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்குப் பாரிசு வகை மருந்து, சிலருக்கு டேனிசு வகை, அதிலும் கூடிய அளவு, குறைந்த அளவு. வேறொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் நீர்மம். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கியது போன்ற முறையே தீர்மானித்தது. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

இந்த எண்களை நான் படிக்கும்போது நினைவில் எழுவது அறிவியல் கட்டுரை அன்று. கீற்று வேய்ந்த திண்ணைகளும், களத்துமேட்டிலிருந்து கூப்பிட்டு வரப்பட்ட பெண்களும், ஊசி என்றதும் சோளக்கொல்லைக்குள் ஓடும் பிள்ளைகளும்தாம். எங்கள் பள்ளிக்கு ஊசிக்காரர் வந்த நாளில் நானும் அப்படி ஓடியவன். வெறும் நீர் பெற்றவர்களும் நல்லதொன்று கிடைத்தது என்று நம்பித்தானே கை நீட்டியிருப்பார்கள்? இன்றைய விதிகளின்படி ஒவ்வொருவருக்கும் விளக்கி எழுத்தில் ஒப்புதல் பெறாமல் இத்தகைய ஆய்வைத் தொடங்க இயலாது. அந்த ஏழை உழவர்களுக்கு உலகம் பட்ட கடனை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை குழுக்கள் திரும்பத் திரும்பச் சென்று, மார்பைப் படம் பிடித்து, சளியைச் சோதித்தன. ஏழரை ஆண்டு நிறைந்தபின் 1979இல் விடை வெளியாயிற்று. ஊசி பெற்றவர்களுக்கும் வெறும் நீர் பெற்றவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வந்த அளவில் வேறுபாடே இல்லை. உலகமே திகைத்தது. ஆய்வில் பிழை இருக்குமோ என்று 1980இல் வல்லுநர் குழுக்கள் கூடி ஆராய்ந்தன. ஆய்வு செம்மையாகவே நடந்தது என்றன. பதினைந்து ஆண்டு நிறைந்த பின் கணக்கிட்டு 1999இல் வெளியிட்ட முடிவும் அதையே உறுதிசெய்தது. தொடக்கத்தில் கிருமி தொற்றாதிருந்த 1,09,873 பேரில் 560 பேருக்கு நோய் கண்டது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு முற்றிலும் இல்லை. குழந்தைகளுக்கு நூற்றுக்கு 27 என்ற சிறு அளவு. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற ஐயத்தைத் தாண்டாத அளவு.

இராஜாஜி 1972 கிறிஸ்து பிறப்பு நாளன்று மறைந்தார். ஊசி போட்டு முடிந்திருந்தது. முடிவு வர இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன.

ஏன் இப்படியாயிற்று? இதை விளங்கிக்கொள்ள உடலின் காவல் முறையைச் சற்றே பார்க்க வேண்டும். அம்மை போன்ற நோய்களில், ஒருமுறை பகைவனைக் கண்ட குருதி, அவனைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி நெடுங்காலம் வைத்திருக்கிறது. காசநோய்க் கிருமியோ தன்னை விழுங்க வந்த வெள்ளணுவின் வயிற்றுக்குள்ளேயே குடியேறிவிடும். கோட்டைக் காவலனின் வீட்டிலேயே திருடன் தங்கிவிட்டது போல. அவனை வெளியே உலவும் எதிர்ப்பொருள் எட்டாது. வேறொரு வகை வெள்ளணுக்கள் வந்து, விழுங்கிய அணுவுக்கு உள்ளிருப்பவனைக் கொல்லும் வலுவை ஊட்டவேண்டும். பி.சி.ஜி. இந்தப் படையைத்தான் பழக்குகிறது. ஊசி போட்ட இடத்தில் எழும் கொப்புளமும், பின்னர் டியூபர்குலின் சோதனையில் தோல் தடித்து எழுவதும் அப்படையின் அசைவுகளே. அந்த அசைவு வெற்றிக்கு அடையாளமாகாது என்பதைச் செங்கல்பட்டு காட்டிற்று. அங்கேயும் ஊசிக்குப் பின் தோல் நன்றாகத் தடித்தது, சில ஆண்டுகளில் அது மங்கிற்று, நோய் தடுக்கப்படவில்லை. தழும்பைப் பார்த்துக் காப்பு உண்டென்று சொன்ன என் பிழையும் இதே பிழைதான்.

இன்னொரு காரணத்தையும் அறிஞர் சொல்கிறார்கள். நம் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவினர்களாகிய தீங்கற்ற கிருமிகள் ஏராளம். வெறுங்காலோடு நடந்து, குளத்து நீரைக் குடித்து வளரும் பிள்ளையின் உடல் அவற்றைப் பார்த்துப் பழகிவிடுகிறது. செங்கல்பட்டில் வேறொரு வகை டியூபர்குலினைக் கொண்டு சோதித்தபோது, வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இப்பழக்கம் இருந்தமை தெரிந்தது. ஏற்கெனவே ஓரளவு பழகிய உடலுக்கு ஊசி புதிதாக எதையும் கற்பிக்கவில்லை போலும். பின்னர் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு இளையோரையும் பிரிட்டனின் இளையோரையும் ஒப்பிட்டு 2002இல் வெளிவந்த ஆய்வு இதற்கு வலுவூட்டியது. மலாவியில் ஊசிக்கு முன்பே பலருக்குக் குருதியில் எதிர்வினை மிகுந்திருந்தது. ஊசியால் அது அதிகம் கூடவில்லை. பிரிட்டனில் முன்பு எதிர்வினை இல்லை. ஊசிக்குப் பின் பெரிதும் கூடியது. இதில் ஒரு விந்தை: அதே மலாவியில், காசநோயைத் தடுக்காத அதே ஊசி, தொழுநோயைப் பாதியளவு தடுத்தது. உடல் நாம் நினைப்பதைவிட ஆழமான புத்தகம்.

ஒரு நாட்டில் பயன்தந்த மருந்து மற்றொரு நாட்டில் அவ்வாறே பயன்தரும் என்று நம்பலாகாது என்ற இப்பாடத்தை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அக்காலத்திலேயே வேறு வழியில் கண்டது. மேலைநாடுகளில் அன்று போலியோ சொட்டு மருந்து மூன்று முறை கொடுத்தால் போதுமானதாக இருந்தது. வேலூர்க் குழந்தைகளின் குருதியைச் சோதித்த மருத்துவர் தி. ஜேக்கப் ஜான், மூன்று முறை கொடுத்தும் பலருக்கு எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை என்று 1972இல் எழுதினார். மேலும் பல முறை கொடுக்கவேண்டும் என்று அவர் விடாது வலியுறுத்தினார். 1995இலிருந்து குறித்த சில நாட்களில், திருவிழாப் பந்தல்களிலும் பேருந்து நிலையங்களிலும், சிறு குழந்தைகள் எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து ஊற்றியதை நாம் மறந்திருக்கமாட்டோம். எத்தனை முறைதான் என்று நம் தாய்மார் சலித்துக்கொண்டதும் உண்டு. அந்தச் சலிப்புக்கு விடை வேலூரின் பழைய குருதிக் குப்பிகளில் இருந்தது. 2011 சனவரியில் மேற்கு வங்கத்தில் கண்ட ஒரு குழந்தைக்குப் பின் இந்தியாவில் இயற்கையான போலியோக் கிருமியால் யாரும் முடமாகவில்லை. 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதென்று சான்று பெற்றது.

பி.சி.ஜி.யை ஏன் அப்போதே கைவிடவில்லை என்று நான் அந்த மருத்துவரைக் கேட்டேன். செங்கல்பட்டு ஆய்வு கைக்குழந்தைகளைப் பற்றி எதையும் முடிவாகச் சொல்லவில்லை என்பதுதான் விடை. பிறந்தவுடன் போட்டால், குழந்தைகளைக் கொல்லும் இரண்டு கொடிய வடிவங்களை, அதாவது மூளைச்சவ்வைத் தாக்குவதையும் உடலெங்கும் பொரியாகப் பரவுவதையும், அது பெரிதும் தடுக்கிறது என்பதற்கு வேறிடங்களில் நல்ல சான்றுகள் உண்டு. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தையின் இடக்கையில் அது போடப்படுகிறது. நுரையீரல் நோய் பெரியவர்களுக்கு வராமல் தடுக்கும் ஊசி இன்னும் கைக்கு வரவில்லை. அதற்கான பெரிய ஆய்வொன்றை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019இல் நோயாளர் குடும்பத்தாரிடையே தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் 2024இல் மற்றொன்று தொடங்கியது. உலகக் காசநோயாளரில் ஏறத்தாழக் கால்பங்கினர் இந்தியர் என்பதால் இது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

சென்னைச் சேத்துப்பட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நோயாளியை மருத்துவமனையில் படுக்கவைத்து, ஊட்டமும் ஓய்வும் தந்தால்தான் மருந்து வேலைசெய்யும் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், 1956இல் அங்கே ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. ஒரு பகுதி நோயாளரை மருத்துவமனையிலும், மறுபகுதியினரை நெரிசலான அவர்கள் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். 1959இல் வெளிவந்த அந்த முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. வீட்டில் வைத்துப் பார்ப்பதால் உடனிருப்போருக்கு நோய் கூடவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. மருந்து தொடங்குமுன்பே தொற்றவேண்டியது தொற்றிவிடுகிறது. தொடங்கியபின் நோயாளி விரைவில் தொற்றாதவராகிறார்.

தறிக்காரர் வீட்டிற்கு இந்தப் பாடம் அத்தனையும் பொருந்தியது. அவர் மூன்று மாதம் மருந்தின்றி இருமியிருக்கிறார். ஊசி குழந்தையின் மூளையைக் காக்கக்கூடும். நுரையீரலுக்கு உறுதி சொல்ல இயலாது. மருத்துவர் எனக்குத் தெளிவாகச் சொன்னார்: வீட்டில் காசநோயாளி இருந்தால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லையென்று சோதித்து உறுதிசெய்தபின், நோய் வராதிருக்கத் தனி மருந்து கொடுக்கவேண்டும். அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும், செலவில்லை.

அன்று மாலையே அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். பெரியவர் வெளித்திண்ணையில், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முயன்றவரைத் தடுத்து அருகில் அமர்ந்தேன். மருமகள் குழந்தையோடு உள்வாசலில் நின்றாள். நான் தொடங்குமுன் அவளே சொன்னாள்:

"காலையில நர்சம்மா வந்தாங்க சாமி. ஊசி போட்டிருந்தாலும் புள்ளையக் கூட்டிட்டு வந்து காட்டணும், மாத்திரை குடுக்கணும்னு சொன்னாங்க. நீங்க சொன்னது ஒண்ணு, அவுங்க சொன்னது ஒண்ணா இருக்குதுங்களே. எதைங்க கேக்கறது?"

"நர்சம்மா சொன்னதைக் கேள் அம்மா. நான் தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்றேன்.

பெரியவர் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. திருமுழுக்கு நாளன்று அவர் கோயிலுக்குள் வரவில்லை. தொட்டிக்கு நேரான சன்னலுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில் நின்று, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பேரனின் தலையில் நீர் விழுந்தபோது அவன் வீறிட்டழுத குரல் அவர்வரைக்கும் கேட்டிருக்கும்.